ஐந்தடித் தண்ணீர்

மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கடைக்கு வந்ததைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். வீட்டுக்கு எழுதினால் அண்ணன் கையில் கிடைக்கும். கிடைத்தால் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவான். போனில் ஏழு தடவை கூப்பிட்டேன். ஏழாவது தடவை எடுத்து, "இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதே" என்று சொல்லி வைத்துவிட்டான். உங்கள் போனும் அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. நீங்கள் எனக்குச் செய்து கொடுத்த மூக்குக்கண்ணாடியின் பெட்டிமேல் உங்கள் கடை முகவரி அச்சிட்டிருந்தது. கண்ணாடி போனாலும் பெட்டி உதவிக்கு வந்தது.

முதலில், குழந்தை எப்படி இருக்கிறாள், நம் வாலு? இருமல் நின்றதா? நுரையீரலில் தண்ணீர் தங்கவில்லை என்று டாக்டர் சொன்னதோடு ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சேதியும் இல்லை. அவளுடைய நீலச் செருப்பில் ஒன்று இங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, என் விஷயம். குடியிருப்புச் சங்கம் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. ஜூன் 5-ம் தேதி விசாரணை. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே கீழே தருகிறேன், சரியா என்று பாருங்கள்.

'ஏப்ரல் 22, திங்கட்கிழமை. வாரச் சுத்தம் செய்யும் நாள் என்பதால் குளம் மூடியிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த என் அண்ணியையும் அவருடைய ஒன்பது வயது மகளையும் குளத்தைப் பார்க்க நானே உள்ளே அழைத்து வந்தேன். பம்பின் வடிகட்டியைக் கழுவுவதற்காகப் பம்ப் அறைக்குப் போனேன். போகும்போது, நான் வரும்வரை யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று சொன்னேன். சிறிது நேரத்தில் அலறல் கேட்டு ஓடி வந்தேன். குழந்தை ஐந்தடித் தண்ணீரில் மூழ்கியிருந்தாள். குதித்துத் தூக்கினேன்.'

மூடியிருந்த நாளில் ஆட்களை உள்ளே விட்டது என் தப்பு. ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் இறங்க வேண்டாம் என்று நான் சொன்னதைச் சங்கத்தில் யாரும் நம்பவில்லை. "தப்பிக்கறதுக்கு இப்ப சொல்றே" என்கிறார் செயலாளர். நீங்கள் இரண்டு வரி எழுதினால் போதும். 'எச்சரித்துவிட்டுத்தான் போனார்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. எழுதாவிட்டால் வேலை போய்விடும், பம்ப் அறையை ஒட்டி நான் குடியிருக்கும் அறையும் போய்விடும். பத்து வருஷமாக இந்தத் தண்ணீரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வேறு வேலை தெரியாது.

அதைவிட, ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் சொன்னது. "பத்து நிமிஷம் ஒரு குழந்தையப் பாத்துக்கத் துப்பு இல்ல. நீ எனக்குத் தம்பியே இல்ல." நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். அவன் முதலில் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான். என்ன சொன்னீர்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை.

இன்னொரு சந்தேகம், இது உங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. குதித்தபோது என் கண்ணாடி தண்ணீரில் விழுந்துவிட்டது. மறுநாள் தேடினால் ஃபிரேம் மட்டும் அடியில் தெரிகிறது, லென்ஸைக் காணோம். உடைந்து போயிற்று என்று நினைத்து எடுத்தேன். வெளியே வந்ததும் இரண்டு லென்ஸும் பத்திரமாக இருக்கின்றன, ஃபிரேமின் கால்தான் வளைந்திருக்கிறது. இது என்ன கண்கட்டு வேலை?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் கொழுந்தன்


மே 14

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் திறந்ததும் போவாள்.

கடைக்கு எழுத வேண்டாம். முதலாளி தபாலை எல்லோர் முன்னாலும் மேஜைமேல் வைத்து, "உங்க ஊட்டுக்காரர் தம்பியா?" என்று கேட்டார். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அனுப்புநர் இடத்தில் வேறு எதையாவது போடுங்கள்.

நீங்கள் கேட்ட இரண்டு வரியைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்.

லென்ஸ் மறைந்ததற்குக் காரணம் உண்டு. கண்ணாடியோ தண்ணீரோ, ஒன்றுக்குள் புகுந்து போகும்போது ஒளியின் வேகம் குறைகிறது. காற்றிலிருந்து லென்ஸுக்குள் நுழையும்போது நன்றாகவே குறைவதால் அந்த இடத்தில் கொஞ்சம் ஒளி திரும்பிப் பளிச்சிடுகிறது, மீதி வளைந்து உள்ளே போகிறது. லென்ஸ் இருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதே அதனால்தான். தண்ணீருக்குள் இருக்கும்போது ஒளி ஏற்கனவே மெதுவாகத்தான் வருகிறது. லென்ஸில் இன்னும் கொஞ்சம்தான் குறையும். அதனால் அது பாட்டுக்குக் கடந்து போய்விடுகிறது. லென்ஸ் எங்கும் போகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அன்று குளத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் விட்டிருந்தீர்களா?

அண்ணி


மே 19

அண்ணிக்கு,

அனுப்புநர் இடத்தில் 'லென்ஸ் துடைக்கும் துணி மொத்த விற்பனை' என்று போட்டிருக்கிறேன். முதலாளி ஆர்டர் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இரண்டு வரி கேட்டேன். மறைந்து போன லென்ஸுக்குப் பத்து வரி வந்திருக்கிறது. எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. சரி, லென்ஸாவது கொடுத்து வைத்தது.

கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. தண்ணீர் ஒரு விரற்கடைகூட அதிகம் இல்லை. என்னிடம் ஆறடி அலுமினியக் கோல் ஒன்று இருக்கிறது, அடிக்கு ஒரு சிவப்புக் கோடு. தினம் காலையில் பல் விளக்குகிறேனோ இல்லையோ, நான்கு மூலையிலும் நடுவிலும் அந்தக் கோலை விட்டுப் பார்த்து எழுதி வைப்பேன். ஏப்ரல் 22 அன்று நீங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே ஐந்தடி. அதற்கு முந்தின நாளும் ஐந்தடி. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. நான் ஏதோ அதிகமாகத் தண்ணீர் விட்டதால்தான் குழந்தை மூழ்கினாள் என்று ஆகிவிட்டால் யாருக்கு நிம்மதி?

கோபம் ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தேன். என் பக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெஞ்சுக்கு எதிரே குளத்தின் ஓரத்தில் '5' என்று எழுதிய ஓடு ஒன்று பதித்திருந்தது. அது இரண்டு மாதத்துக்கு முன்பே பெயர்ந்துவிட்டது. புது ஓடு கேட்டிருந்தேன், வரவில்லை. அதுவரை சும்மா இருக்கக்கூடாது என்று அந்த இடத்தில் சாக்பீஸால் '5' என்று எழுதி வைத்திருந்தேன். அன்று காலை ஓரத்தைத் தேய்த்துக் கழுவியபோது அதையும் சேர்த்துக் கழுவிவிட்டேன். திரும்ப எழுத மறந்துபோனேன். நீங்கள் வந்தபோது அங்கே எந்த எண்ணும் இல்லை.

இதை இன்னும் சங்கத்தில் சொல்லவில்லை. உங்களிடம் முதலில் சொல்கிறேன்.

கொழுந்தன்


மே 24

தம்பி,

எண் இல்லை என்பது எனக்குத் தெரியும். தேடிப் பார்த்தேன்.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது ஆறுதல்தான். தம்பி மறந்ததால் நடந்தது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு பகல் முழுக்க அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். மூடியிருந்த குளத்துக்கு ஏன் எங்களை அழைத்துப் போனீர்கள்? அழைத்துப் போனவர் ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்? வடிகட்டி எங்கே ஓடிவிடப் போகிறது? இதையெல்லாம் உங்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்று இருந்தது, கேட்டுவிட்டேன்.

உங்கள் அண்ணனிடம் நான் சொன்னது ஒன்றாகவும் சங்கத்துக்கு எழுதுவது வேறொன்றாகவும் இருக்க முடியாது. அதனால் எழுத முடியாது. மன்னிக்கவும்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஆனால் ஒரு புதுப் பழக்கம். எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் இருந்தாலும் அதில் எதையாவது விட்டுப் பார்க்கிறாள். டம்ளரில் ஸ்பூனை வைத்துவிட்டு, குனிந்து, நிமிர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள். நேற்று ஒரு கிண்ணத்தின் அடியில் பொத்தான் ஒன்றைப் போட்டு, பொத்தான் விளிம்புக்கு அந்தப் பக்கம் மறையும்வரை தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தலையை அசைக்காமல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். "வந்துருச்சு" என்றாள். பொத்தான் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, அவளும் அசையவில்லை, ஆனாலும் தெரிகிறது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தண்ணீரில் நடந்ததைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணி


மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதெல்லாம் நியாயம். ஏன் அழைத்துப் போனேன் என்றால், பெருமைக்குத்தான். இங்கே குடியிருப்பவர்களுக்கு நான் குளோரின் வாடை அடிக்கும் ஆள், அவ்வளவுதான். வாலு வந்து "சித்தப்பா, இந்தக் குளம் உங்களுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக வைத்திருக்கிறேன் என்று உங்களுக்குக் காட்டவும் ஆசை. வடிகட்டி கழுவ மோட்டாரை நிறுத்திவிட்டதால் அன்று மேலே ஒரு சலனம்கூட இல்லை. அடியில் ஒவ்வொரு ஓடும் எண்ணிக்கொள்ளும்படி இருந்திருக்கும்.

சாவியை வாங்கிவிட்டார்கள். ஆனால் பம்ப் அறை வழியாகக் குளத்துக்குப் போகும் சின்னக் கதவை யாரும் பூட்டவில்லை. முந்தாநாள் காலை போய் நீங்கள் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வாலுவின் நீலச் செருப்பைக் கல்லில் கட்டி, அவள் இறங்கிய இடத்தில் அடிவரை விட்டிருந்தேன். பெஞ்சிலிருந்து பார்த்தால் மூன்றடிக்கு மேல் இருக்கும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை. எழுந்து ஓரத்துக்குப் போய் நேர்மேலே நின்று பார்த்தேன், நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. திரும்பவும் பெஞ்சுக்கு வந்தேன், மறுபடி மூன்றடி. கோலை விட்டேன், ஐந்து. மூன்று தடவை இப்படிச் செய்தேன்.

பத்து வருஷத்தில் அந்தப் பெஞ்சில் நான் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது, அண்ணி. எனக்குக் கோல் சொல்வதுதான் ஆழம். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவாகத் தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் "இறங்காதீங்க" என்பதோடு நிறுத்தியிருக்க மாட்டேன். "பாக்கறதுக்கு இடுப்பளவு மாதிரி இருக்கும், நம்பாதீங்க" என்று சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை. மோட்டார் நின்றால் பம்ப் அறையில் வெளியே பேசுவதெல்லாம் கேட்கும். உங்கள் குரல் கேட்டது. என்ன கேட்டது என்று நான் எழுதப் போவதில்லை. கேட்டதும் நான் ஓடி வந்திருக்க வேண்டும். படிக்கட்டுப் பக்கம், ஆழமில்லாத இடத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு கையில் இருந்த வடிகட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அரை நிமிஷம் இருக்கும். அதற்குப் பிறகுதான் நீங்கள் அலறினீர்கள். அந்த அரை நிமிஷத்தை நினைக்காமல் நான் இன்னும் ஒரு நாளும் சாப்பிட உட்காரவில்லை.

நீங்கள் கடிதம் எழுத வேண்டாம். விசாரணையில், என் காதில் ஒன்றும் விழவில்லை என்றே சொல்லிவிடுகிறேன். அவர்கள் போகச் சொன்னால் போகிறேன். நான் இங்கே தனிக்கட்டை. உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது, அது கலைய வேண்டாம்.

கொழுந்தன்


ஜூன் 1

தம்பி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இதற்குள் இன்னொரு உறை இருக்கிறது, சங்கத்துச் செயலாளருக்கு. ஒட்டாமல்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நானே எழுதுகிறேன். குழந்தை, "அம்மா, ஒரே ஒரு தடவை கால நனச்சுட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தண்ணீரைப் பார்த்தேன். எண் இருக்கிறதா என்று ஓரத்தில் தேடினேன், இல்லை. அடியில் ஒவ்வொரு ஓடும் தெளிவாகத் தெரிந்தது. "இறங்குடி, இடுப்பளவுதான் இருக்கு. அம்மா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது காதில் இருக்கும்போதே சொன்னேன். தலை உள்ளே போனதும் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கை மட்டும் மேலே வந்தபோதுதான் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் உங்கள் அண்ணன் "எப்படி நடந்துச்சு?" என்று கேட்டதும், "அவளா இறங்கிட்டா. உங்க தம்பி உள்ள போயிட்டாரு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஐந்து வாரம் அதைத் திருத்தாமல் இருந்தது யோசித்துச் செய்ததுதான். உங்களுக்கு அண்ணன் இல்லாமல் போனார். அதைவிட, வீட்டுக்கு வந்ததும் குழந்தையை நிற்க வைத்து, "சொன்ன பேச்சு கேக்காத கழுதை, உன்னால என் தம்பி உறவே போச்சு" என்று திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நானும் அதே அறையில்தான் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

நான் என்ன வேலை பார்க்கிறவள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. பதினாறு வருஷமாக லென்ஸ் பொருத்துகிறேன். என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு கூட்டல் குறி வரைந்திருக்கிறோம். ஒவ்வொரு லென்ஸையும் கண்ணுக்கு முன்னால் பிடித்து, மெல்ல நகர்த்தி, அந்தக் குறியைப் பார்ப்பேன். குறி எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்தே லென்ஸின் பவரைச் சொல்லிவிடுவேன். சுவரில் இருக்கும் குறி ஓடாது, ஓடுவது போலக் காட்டுவது லென்ஸ் என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறவள். கையில் லென்ஸ் இல்லாததால் அன்று அது நினைவுக்கு வரவில்லை. எதிரே இருந்ததும் ஒரு பெரிய லென்ஸ்தான்.

நீங்கள் பெஞ்சில் கண்டதற்குக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன், விசாரணையில் கேட்டால் சொல்லலாம். குளோரின் தள்ளுவண்டியைப் புல்லிலிருந்து சிமென்ட் தரைக்குச் சாய்வாக ஏற்றுவீர்கள் அல்லவா? முதலில் சிமென்ட்டைத் தொடும் சக்கரம் வேகமாக ஓடும், மற்றது இன்னும் புல்லில் இழுத்துக்கொண்டிருக்கும், வண்டியே ஒரு பக்கம் திரும்பிவிடும். அடியில் இருக்கும் ஓட்டிலிருந்து சாய்வாக வரும் ஒளி தண்ணீரைவிட்டு வெளியேறும்போதும் அப்படித்தான் திரும்புகிறது. நம் கண்ணுக்கு அந்தத் திருப்பம் தெரியாது. ஒளி நேராகவே வந்தது என்று நம்பி, அந்த ஓடு மேலே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். எவ்வளவுக்கு எவ்வளவு சாய்ந்து பார்க்கிறோமோ அவ்வளவுக்கு ஆழம் குறைந்து தெரியும். அதனால்தான் பெஞ்சிலிருந்து மூன்றடி, ஓரத்திலிருந்து நாலடி.

இது காரணம்தான், சமாதானம் இல்லை. தண்ணீரைப் பார்த்து ஏமாந்தது பிழை. அதற்குப் பிறகு நான் சொன்னதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் கிடையாது.

நேற்று மாலை உங்கள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். பேசவில்லை.

குழந்தையிடம் இன்னும் கேட்கவில்லை. அம்மாதான் இறங்கச் சொன்னாள் என்று அவள் ஏன் ஒரு தடவைகூட அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் செயலாளரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுக்காவிட்டால் உங்களிடம் உதை வாங்க வேண்டியிருக்கும் என்று தோன்றியதால் கொடுத்துவிட்டேன்.

விசாரணை குளத்து ஓரத்திலேயே நடந்தது. ஏழு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். செயலாளர் உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தார். மூன்றடி என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "அஞ்சடித் தண்ணி எங்கயாவது மூணடியாத் தெரியுமா? இந்தம்மா கொழுந்தனக் காப்பாத்தறதுக்குச் சொல்றாங்க" என்றார். "சார், அந்த பெஞ்சுல ஒக்காந்து நீங்களே ஒரு அளவு சொல்லுங்க" என்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, "மூணு. போனாப் போகுது, மூணேகால்" என்றார். கோலை அவர் கையிலேயே கொடுத்தேன். விட்டார். ஐந்தாவது கோடு தண்ணீருக்குள் போன பிறகுதான் கோல் தரையைத் தட்டியது. அவர் நம்பாமல் எடுத்துவிட்டு மறுபடி விட்டார். தினமும் நீந்த வரும் பெரியம்மா ஒருவர் சங்கத்தில் இருக்கிறார். "எனக்கே இவ்வளவு நாளா இது நாலடின்னுதான் நெனப்பு" என்றார். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை.

சாக்பீஸ் எண்ணைக் கழுவியதை நானே சொன்னேன். அந்த அரை நிமிஷத்தையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உங்கள் கடிதத்துக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு முகம் இருந்திருக்காது. எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்றார்கள். நான்கு பக்கமும் ஆறடிக்கு ஒரு எண், ஒரு முழ உயரத்தில், அழியாத பெயின்டில். 'தண்ணீர் தெரிவதைவிட ஆழமானது' என்று ஒரு பலகையும் அந்தப் பெஞ்சுக்குப் பின்னால் வரப்போகிறது. வாசகம் செயலாளருடையது. இப்போது போகிற வருகிறவர்களையெல்லாம் பெஞ்சில் உட்கார வைத்து ஆழம் கேட்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

வேலை மிஞ்சியது உங்களால். இதற்கு நன்றி என்று எழுதினால் போதாது. அந்த உறைக்குள் நீங்கள் எதை வைத்து அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் இன்னும் பேசவில்லையா? என்னிடமும் பேசவில்லை. 'அது பரவாயில்லை' என்று எழுதிவிட்டு அடித்திருப்பதை நீங்களே பார்க்கலாம். பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை, அண்ணி. மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப் போய்ப் போனைப் பார்க்கிறேன்.

கொழுந்தன்


ஜூன் 15

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன். அனுப்புநர் இடத்தில் சொந்த முகவரியைத்தான் போட்டிருக்கிறேன். நீங்களும் இனிமேல் துணி வியாபாரத்தை விட்டுவிடலாம்.

உங்கள் அண்ணன் பதினொரு நாள் என்னோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் குழந்தை வழியாகத்தான். "உங்கம்மாகிட்ட சொல்லு, டீ ஆறுதுன்னு." நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு, எனக்குக் கேட்டுச்சுன்னு" என்பேன். குழந்தை நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கிறது என்றாள்.

பன்னிரண்டாவது நாள் கடைக்கு வந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து என் பட்டறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சுவரில் இருந்த கூட்டல் குறியைக் காட்டி, "இதுதானா அது?" என்றார். அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னபோது இந்தக் குறியைப் பற்றியும் சொல்லியிருந்தேன், உங்கள் கடிதங்களையெல்லாம் படிக்கக் கொடுத்திருந்தேன். ஒரு லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு முன்னால் பிடித்து மெல்ல நகர்த்தினார். குறி ஓடியதைப் பார்த்ததும் லென்ஸை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார். "அவன் கண்ணாடி கால் வளஞ்சுதானே கெடக்குது? அவன் பவர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "நான் அவன என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றார். "இருக்கு" என்றேன். லென்ஸைத் துடைத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். முதலாளி வந்துவிட்டதால் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் நான் அழுதிருப்பேன்.

கண்ணாடி தயார். ஃபிரேம் அவர் தேர்ந்தெடுத்தது, அதனால் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம், கையில் கொடுத்துக்கொள்கிறேன் என்று அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

குழந்தையிடம் கேட்டுவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்று துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, குழாயைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். "அம்மா அன்னைக்கு அப்பாகிட்ட பொய் சொன்னேன். நீயா இறங்கலன்னு உனக்குத் தெரியும். அப்பா அவ்வளவு திட்டினப்பகூட, அம்மாதான் சொன்னாங்கன்னு ஏன் நீ சொல்லல?"

துடைத்துக்கொண்டிருந்த டம்ளரை வைத்தாள். எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தாள்.

"நீ இடுப்பளவுதான்னு சொன்னே. எனக்கும் இடுப்பளவாத்தாம்மா தெரிஞ்சுது."

கை ஈரத்தோடு அவளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். சட்டை நனைகிறது என்று தள்ளிவிட்டாள். அப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

வரும் 23-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மூன்று பேரும் வருகிறோம். தண்ணீரில் இறங்க அவளுக்கு ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், சித்தப்பாவிடம் எழுதியே ஆக வேண்டும் என்கிறாள். நாங்கள் வருவதற்கு முன்னால் அந்தக் கோலை வெளியே எடுத்து வையுங்கள். முதலில் அவள்தான் விட்டுப் பார்ப்பாளாம்.

அண்ணி